யப்பானியரின் பழைய வாள்கள்: அறிதலும் பேணுதலும்

ஒரு நாட்டு மக்களின் உள்ளப்பாங்கை அறிய விழைவோர் அவர்தம் இலக்கியத்தையும், கட்டடங்களையும், சிற்பத்தையும், ஓவியத்தையும் ஆராய்தல் வழக்கு. படைக்கலங்களை அவற்றோடு ஒருங்குவைத்து எண்ணுவார் மிகச் சிலரே. கொல்லுதற்கென்று ஆக்கப்பட்ட பொருளிற் கலையைத் தேடுதல் தகுமோ என்னும் ஐயமும் உடன் எழும். ஆயினும், யப்பான் நாட்டிலே வாளானது ஓவியத்தோடும் சிற்பத்தோடும் ஒப்பவைத்துப் போற்றப்படுகின்றது. அந்நாட்டரசு தேசியச் செல்வங்கள் எனப் பெயர்சூட்டிச் சட்டத்தாற் காத்துவரும் அரும்பொருள்களுள் வாள்கள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை. தோக்கியோ மாநகரிலே வாள்களுக்கென்றே தனியானதொரு நூதனசாலையும் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றைத் தேடிச் சேர்ப்போர் பலர்.

இவ்வாள்களின் சிறப்பு யாது? அச்சிறப்பைக் காணுமாறு எங்ஙனம்? இவற்றைச் சேர்ப்போர்க்குரிய கடமை யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். மூன்றனுள் இறுதியதே முதன்மையானது. எழுநூறு ஆண்டுகளாகப் போருக்கும் தீக்கும் தப்பிப் பிழைத்த வாளொன்று, அன்பு மிகவும் அறிவு குறையவும் உடைய ஒருவர் கையில் ஒரு மாலைப்பொழுதில் அழிந்துபோதல் கூடும் ஆதலின் என்க.

வாளின் வரலாறு

யப்பானியரின் மிகப் பழைய வாள்கள் வளைவில்லாதவை. ஆசியப் பெருநிலத்து வாள்களின் அமைப்பைத் தழுவியவை. நாரா நகரத்துச் சோசோயின் என்னும் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த நேர்வாள்கள் இன்றும் உள்ளன. பத்தாம் நூற்றாண்டை அடுத்து வாள் வளையத் தொடங்கிற்று. குதிரைமீதிருந்து பொருத வீரனுக்குக் குத்துதலினும் வீசி வெட்டுதலே எளிது. வீசி வெட்டுதற்கு வளைந்த அலகே ஏற்றது. இவ்வாறு தோன்றிய நெடுவாள் தாச்சி எனப்பட்டது. அதனை வாய்ப்புறம் கீழ்நோக்கி நிற்க இடையிலே தொங்கவிட்டனர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலே ஆட்சி கமகூராவிலிருந்த போர்த்தலைவர் வசமாயிற்று. சாமுராய் என்னும் மறவர் குலத்தார் நாட்டின் தலைமையைப் பெற்ற இக்காலமே வாட்கலையின் பொற்காலம் என்பர். 1274ஆம் ஆண்டிலும் 1281ஆம் ஆண்டிலும் மங்கோலியர் கடல்வழி வந்து தாக்கினர். அவர்களோடு நிகழ்ந்த போரின் பின்னர் அலகுகள் அகன்று, திண்மையுற்று, முனை நீண்டு அமைந்தன என ஆராய்ச்சியாளர் கூறுவர். பின்னர் பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டுகளிலே போர் நாடெங்கும் பரவிற்று. காலாட்படை பெருகவே, வாய்ப்புறம் மேல்நோக்க இடைக்கச்சையிற் செருகப்படும் கத்தானா என்னும் வாள் பெருவழக்காயிற்று. உறையினின்று உருவுதலும் வெட்டுதலும் இதனால் ஒரே வீச்சில் முடிந்தன.

யப்பானியர் வாளைச் சாக்கு என்னும் அளவையால் அளப்பர். ஒரு சாக்கு ஏறத்தாழ 30.3 சதமமீற்றர். இரண்டு சாக்குக்கு மேற்பட்டது நெடுவாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது வாக்கிசாசி என்னும் குறுவாள். ஒன்றிற் குறைந்தது தாந்தோ என்னும் குத்துவாள்.

1588ஆம் ஆண்டிலே தொயோதோமி இதேயோசி என்பார் உழவரிடமிருந்த வாள்களையெல்லாம் பறித்தெடுக்க ஆணையிட்டார். அவற்றை உருக்கிக் கியோத்தோவில் எழுப்பப்படும் பெரும் புத்தர் திருவுருவுக்கும் மண்டபத்துக்கும் ஆணிகள் செய்யப்போவதாகக் காரணமும் கூறினார். அவரை அடுத்து வந்த தொக்குகாவா ஆட்சியிலே இரண்டரை நூற்றாண்டுக் காலம் அமைதி நிலவியது. நெடுவாளையும் குறுவாளையும் ஒருங்கே தரித்தல் சாமுராய்க் குலத்தாரின் தனியுரிமையாயிற்று. போரில்லாத அக்காலத்தில் வாள் வெட்டும் கருவியாக மட்டுமன்றி, குலத்தின் அடையாளமாகவும், தந்தை மகனுக்கு விடும் முதுசொமாகவும், அரசர் ஈயும் வரிசையாகவும் மதிப்புற்றது. இறுதியில், மெயிசி ஆட்சியினர் 1876ஆம் ஆண்டிலே பொதுவிடத்தில் வாள் தரித்தலைத் தடைசெய்தனர். ஆயிரமாண்டுத் தொழிலொன்று ஓர் ஆணையால் பிழைப்பிழந்தது.

இவ்வரலாற்றை அடியாகக் கொண்டே அறிஞர் வாள்களைக் காலவாரியாக வகுப்பர். ஏறத்தாழ 1596ஆம் ஆண்டுக்கு முற்பட்டவை பழைய வாள்கள்; அதன்மேற் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை எழுந்தவை புதிய வாள்கள்; அதன்மேல் 1876 வரை எழுந்தவை புதுப் புதிய வாள்கள். முந்நூறு ஆண்டு மூத்த வாளொன்று புதியது என்னும் பெயர் தாங்கி நிற்றலே அக்கலையின் தொன்மையைக் காட்டப் போதியதாம். பழைய வாள்களை யமாதோ, யமாசிரோ, பிசென், சாகாமி, மினோ என்னும் ஐந்து நாட்டு மரபுகளாகவும் பிரிப்பர். ஒவ்வொரு மரபுக்கும் தனியான வடிவமும் உருக்கின் இயல்பும் தோய்ச்சலின் கோலமும் உண்டு. சாகாமி மரபினரான மசமுனேயின் பெயர் யப்பானிற் சிறுவரும் அறிந்த பெயராகும்.

வாள் ஆக்கப்படுமாறு

வாளைக் காணக் கற்போன் அது பிறந்த முறையை அறிதல் வேண்டும். கண்ணுக்கு அழகாகத் தோன்றும் ஒவ்வொன்றும் தொழிலின் தேவையாற் பிறந்ததே.

மூலப்பொருள் இரும்பு மணல். களிமண்ணாற் கட்டிய உலையில் மணலையும் மரக்கரியையும் மாறிமாறி இட்டு, துருத்தியால் ஊதி, மூன்று பகலும் மூன்று இரவும் இடையறாது எரிப்பர். பின்னர் உலையையே உடைத்து உள்ளே திரண்ட உருக்குப் பாளத்தை எடுப்பர். அப்பாளம் எங்கணும் ஒரு தன்மைத்தன்று. காபன் மிக்க பகுதியும் குறைந்த பகுதியும் விரவிக் கிடக்கும். அதனை உடைத்து, முறிந்த முகத்தின் நிறத்தையும் பளபளப்பையும் நோக்கியே கொல்லன் தனக்கு வேண்டிய துண்டங்களைத் தெரிந்தெடுப்பான்.

இத்துண்டங்களை அடுக்கிக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கி, நீட்டி, மடித்து, மீண்டும் அடிப்பர். வாள் ஆயிரம் முறை மடிக்கப்படும் எனச் சிலர் வியந்து கூறுவர். அது பிழை. மடிப்பு பெரும்பாலும் பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்டதே. ஒவ்வொரு மடிப்பிலும் படைகள் இரட்டிக்குமாதலின், பத்து மடிப்பில் 1,024 படைகளும் பதினைந்து மடிப்பில் 32,768 படைகளும் உண்டாகும். மடித்தலின் பயன் கசட்டை வெளியேற்றுதலும் காபனை எங்கணும் சமமாகப் பரப்புதலுமாம். ஒவ்வொரு காய்ச்சலிலும் காபன் சிறிது எரிந்து போகின்றமையால், அளவுக்கு மீறி மடிப்பின் உருக்கு வலிமை இழக்கும். எங்கே நிறுத்துவது என்று அறிதலே கொல்லனின் திறம்.

கடிய உருக்கு கூரினைத் தாங்கும். ஆயின் எளிதில் முறியும். மெல்லிரும்பு முறியாது, ஆயின் கூர் நில்லாது. இம்முரண்பாட்டைப் பெரும்பாலான கொல்லர் இருவகையால் தீர்த்தனர். முதலாவது, மெல்லிரும்பை உள்ளே வைத்துக் கடிய உருக்கை அதன்மேற் போர்த்தல். இரண்டாவது, தோய்ச்சல். அலகின் முதுகிலே களிமண்ணைத் தடிப்பாகவும் வாயிலே மெல்லிதாகவும் பூசி, ஏறத்தாழ 750 முதல் 800 பாகை செல்சியசு வரை காய்ச்சி நீரில் அமிழ்த்துவர். காய்ச்சிய அலகின் நிறத்தைக் கண்ணால் மட்டிடவேண்டியிருத்தலின் கொல்லர் பட்டடையை இருளாக்கிக்கொள்வர். வாய்ப்புறம் நொடியிற் குளிர்ந்து, மாட்டென்சைற்று என உலோகவியலார் கூறும் மிகக் கடிய அமைப்பைப் பெறும். முதுகு மெல்லக் குளிர்ந்து நெகிழ்ச்சியோடு நிற்கும். கடியதாகும் பகுதி பருமனிற் சிறிது விரிவடைதலால் அலகு முதுகுப்புறமாக மேலும் வளையும். ஆகவே வாளின் எழில்மிகு வளைவிலே சம்மட்டிக்கும் பங்குண்டு, நீருக்கும் பங்குண்டு. பல நாள் உழைப்பில் உருவான அலகு இக்கணத்திலே வெடித்துப் பயனற்றுப் போதலும் உண்டு.

வாளைக் காணும் முறை

வாளைக் கையிலெடுக்குமுன் சில ஒழுக்கங்கள் உள. முதலில் வாளுக்குத் தலைவணங்குவர். உறையினின்று உருவும்போது வாய்ப்புறத்தை மேல்நோக்கிப் பிடித்து, மெல்ல, இடைநில்லாது உருவுவர். அலகை விரலாற் தொடார். அதன்மீது பேசவும் செய்யார். வாயினின்று தெறிக்கும் நுண்டுளியும் சின்னாளிற் கறளாகும். இவை வெறுஞ் சடங்குகளல்ல. ஒவ்வொன்றும் பொருளைக் காக்கப் பிறந்த விதியாம்.

முதலில் நோக்கத்தக்கது வடிவம். வாளை நிமிர்த்திப் பிடித்து அதன் நீளம், அகலம், வளைவு, முனை என்பவற்றை ஒருங்கே காண்பர். வளைவின் நடு பிடியை அடுத்துள்ளதா, அலகின் இடையிலுள்ளதா என்பதொன்றே அதன் காலத்தைப் பலகால் உணர்த்திவிடும். இரண்டாவது உருக்கின் இழை. மடித்தடித்த படைகள் அலகின் மேற்பரப்பிலே அறுத்த மரப்பலகையின் வரிபோலத் தோன்றும். சிலவற்றில் அது நேர்வரியாகவும், சிலவற்றில் அலைவரியாகவும், சிலவற்றில் மரக்கணுவைச் சுற்றிய சுழியாகவும் இருக்கும். யமாதோ மரபுக்கு நேர்வரி சிறந்த அடையாளம்.

மூன்றாவது, அமோன் எனப்படும் தோய்ச்சற் கோலம். வாயை அடுத்து வெண்மையாக ஓடும் இக்கோலம் களிமண் பூசிய எல்லையிலே பிறப்பது. அது நேர்கோடாகவும், அலையாகவும், கிராம்பின் மொட்டுகளை நிரைத்தாற்போன்றும் அமையும். மொட்டுக்கோலம் பிசென் மரபினர்க்கு உரிய சிறப்பு. அலகை ஒற்றை விளக்கின் எதிரே சாய்த்து நோக்கினால், அவ்வெல்லையிலே நுண்ணிய ஒளிப்பொறிகள் மின்னும். தனித்தனி மணிகளாய்க் கண்ணுக்குப் புலப்படுவனவற்றை நியே என்றும், பனிப்படலம்போல் ஒன்றித் தோன்றுவனவற்றை நியோய் என்றும் வழங்குவர். இரண்டும் ஒரே பளிங்கமைப்பின் பருமையும் நுண்மையுமே. மசமுனேயின் புகழ் இம்மணிகளை அவர் ஆண்ட திறத்தால் வந்தது. இவையெல்லாம் தீட்டுவோனது கலையாலன்றி வெளிப்படா. பருங்கல்லில் தொடங்கி விரல்நுனியளவான மென்கற் சில்லுவரை பல சாணைக்கற்களால் நாட்கணக்காகத் தீட்டியே அலகின் உள்ளியல்பைப் புலப்படுத்துவர்.

நான்காவது, பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பு. அறியாதார் இழிவாக எண்ணும் இப்பகுதியே அறிந்தார்க்கு ஏடு. கொல்லன் தன் பெயரையும், ஊரையும், சிலபோது ஆண்டையும் இங்கேதான் வெட்டிவைத்தான். அரத்தின் கோடுகள் செல்லும் திசையும், காம்பின் நுனி அமைந்த விதமும் அவனது கைவழக்கைக் காட்டும். எல்லாவற்றினும் மேலாக, அங்கே படிந்த கறள் காலத்தின் சான்றாகும். பல நூற்றாண்டில் இயல்பாக எழுந்த கறள் ஆழ்ந்த கருமையும் மென்மையும் உடையது. செயற்கையாக ஏற்றியது செந்நிறமாய்ப் பொருக்குற்று நிற்கும். தேர்ந்தார் கண்ணுக்கு இவ்வேறுபாடு தப்பாது.

பெயர் வெட்டப்பட்டிருத்தல் மட்டும் உண்மைக்குச் சான்றன்று. புகழ்பெற்ற கொல்லர் பெயரைப் பொய்யாக வெட்டும் வழக்கம் பழங்காலத்திலேயே மிக்கிருந்தது. மறுபுறம், நெடிய தாச்சிகளைப் பிற்காலத்தார் காம்புப்புறத்தே வெட்டிக் குறுக்கினமையால் உண்மைப் பெயர்கள் பல அழிந்தன. மசமுனேயின் பெயர் பொறித்த வாள்கள் மிகச் சிலவேயாம். ஆதலின் அலகைக் கொண்டு பெயரை ஆராய வேண்டுமேயன்றிப் பெயரைக் கொண்டு அலகை மதித்தல் ஆகாது. இத்துறையிற் பரம்பரைத் தேர்ச்சியுடையவர் ஒன்னாமி குடும்பத்தினர். வாள்களைத் தீட்டுதலும் மதிப்பிட்டுச் சான்றோலை வழங்குதலும் அவர்தம் குலத்தொழில். எழுத்துக்கலையிலும் மட்கலத்திலும் பெயர்பெற்ற ஒன்னாமி கோயெச்சு (1558–1637) அக்குடியிற் பிறந்தவரே. இன்றும் யப்பானில் வாளன்பர் கூடும் அவைகளிலே, காம்பை மறைத்து அலகை மட்டும் காட்டி, ஆக்கியோன் யாவன் எனக் கேட்கும் வழக்கமுண்டு. கற்றோர் விடையை எழுதிக் கொடுப்பர். கல்வியும் விளையாட்டும் ஒன்றான அவை அது.

அழிவும் மீட்சியும்

1945ஆம் ஆண்டிலே யப்பான் தோல்வியுற்றபோது, கைப்பற்றி ஆண்ட படையினர் எல்லா வாள்களையும் ஒப்படைக்க ஆணையிட்டனர். உருக்கப்பட்டனவும், எறியப்பட்டனவும், போர்வீரரால் நினைவுப்பொருளாகக் கொண்டுசெல்லப்பட்டனவும் மிகப் பல. கலைமதிப்புடைய வாள்கள் படைக்கலம் ஆகா என்று ஒன்மா யூஞ்சி முதலிய அறிஞர் எடுத்துரைத்தனர். அமெரிக்கப் படையின் கேணல் கட்வெல் அதனை ஏற்றுத் துணைநின்றார். அதன் பயனாக வாள்களை ஆராய்ந்து கலைப்பொருள்களை விலக்கிக் காக்கும் வழி பிறந்தது. 1948ஆம் ஆண்டிலே யப்பானிய வாட்கலைப் பாதுகாப்புக் கழகம் நிறுவப்பட்டது. மேற்கூறிய நூதனசாலை அக்கழகத்தினதே. 1968இல் திறக்கப்பெற்ற அது 2018இல் தோக்கியோவின் சுமிதாப் பகுதிக்கு மாற்றப்பட்டது. போரோடு நின்றுபோன மரபுவழி உருக்குலையையும் கழகம் 1977இல் சிமானே மாகாணத்திலே மீண்டும் மூட்டிற்று. 1955ஆம் ஆண்டிலே தக்காகாசி சதச்சுகு என்னும் கொல்லர் அருங்கலையின் காப்பாளர் என அரசின் சிறப்பைப் பெற்றார்.

இக்குழப்பத்தில் ஊழ்வினை வேறுபட்ட இரண்டு வாள்களை ஈண்டு நினைத்தல் தகும். ஒன்று ஒன்யோ மசமுனே எனப்படுவது. தொக்குகாவாக் குடும்பத்தாரின் தலையாய முதுசொமாய் வந்து, 1939இல் தேசியச் செல்வமெனக் குறிக்கப்பெற்றது. 1945ஆம் ஆண்டு திசெம்பரில் அக்குடும்பத்தார் ஆணைக்கடங்கி அதனைப் பிற வாள்களோடு பொலிசு நிலையத்தில் ஒப்படைத்தனர். அதன்பின் அவ்வாள் மீளவில்லை. மற்றது கமகூராக் காலத்துக் குனிமுனே என்னும் கொல்லர் ஆக்கியது. ககோசிமா நகரத்துத் தெருக்குனி ஆலயத்துக்கு உரியது. அதுவும் போரின்பின் காணாமற்போயிற்று. வாள்களைப் பயின்று சேர்த்துவந்த அமெரிக்க மருத்துவர் வால்டர் கொம்ப்டன் (1911–1990) என்பாரிடம் அது வந்து சேர்ந்தது. அது யாது, எவர்க்குரியது என்பதனை ஆராய்ந்தறிந்த அவர், 1963ஆம் ஆண்டிலே பொருளொன்றும் பெறாது அதனை ஆலயத்துக்கே திருப்பியளித்தார். ஒரு வாளைத் தொலைத்தது அறியாமை. மற்றதை மீட்டது அறிவு. அறிவு மட்டுமோ எனின், அன்று. தன்னதல்லாததைத் தன்னதென்னாத நேர்மையும் உடன்நின்றது.

சேர்ப்போர் கடமை

இன்று யப்பானுக்கு வெளியே காணப்படும் வாள்களுட் பல அப்போரில் வந்தவை. அவற்றுட் பெரும்பகுதி படையினருக்கென ஆலைகளில் திரளாகச் செய்யப்பட்டவை; மடிப்பும் நீர்த்தோய்ச்சலும் இல்லாதவை. அவற்றுட் சிலவற்றின் காம்பில் முத்திரை பதிந்திருக்கும். எனினும் முன்னோரின் பழைய அலகைப் படைவீரர் படைப்பிடியிலே பொருத்திச் சென்றதும் உண்டு. ஆதலின் வெளித்தோற்றத்தைக் கொண்டு எவ்வாளையும் இகழ்தல் ஆகாது.

புதிதாகச் சேர்க்கப் புகுவோர் வாளை வாங்குமுன் நூலை வாங்குதல் நன்று. நூதனசாலைகளிலே ஐயமற்ற நல்வாள்களைப் பன்முறை கண்டு கண்ணைப் பழக்கிய பின்னரே விலைப்பொருளை நாடவேண்டும். குறைகளையும் பகுத்தறிதல் வேண்டும். மடிப்பு முற்றும் ஒட்டாமையால் தோன்றும் சிறு பிளவு பழைய வாளிற் பொறுக்கத்தக்கது. வாயினின்று குறுக்காக எழும் நுண்வெடிப்போ உயிர்க்குறை, அதற்கு மருந்தில்லை. ஐயத்துக்குரிய பத்து வாளினும் உறுதியான ஒரு வாளே மேல். யப்பானில் 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஒவ்வொரு வாளும் மாகாணக் கல்விச் சபையிற் பதியப்படல் வேண்டும். நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல அரசின் இசைவும் வேண்டும்.

பேணுமுறை எளிது. பழைய எண்ணெயை மென்தாளால் துடைத்து, சாணைக்கற்றூள் பொதிந்த பட்டுப்பொட்டணத்தால் மெல்லத் தட்டி, மீண்டும் துடைத்து, கராம்பு மணக்கும் எண்ணெயை மெல்லிதாகப் பூசுதல் மரபு. ஓய்விலிருக்கும் வாளை அழகிய உறையில் வைக்காது, மெழுகுப் பூச்சற்ற மக்னோலியா மரவுறையில் வைப்பர். விலக்கத்தக்கவை இரண்டு. காம்பின் கறளை ஒருபோதும் அகற்றல் ஆகாது. அகற்றினால் எழுநூறு ஆண்டின் சான்று ஒரு நாழிகையில் மறையும். அலகை மணற்றாளாலோ சக்கரச் சாணையாலோ தானே தீட்டலும் ஆகாது. கைதேர்ந்தவன் தீட்டினும் ஒவ்வொரு முறையும் உருக்கிற் சிறிது தேயும். மேற்போர்த்த கடிய உருக்கு தேய்ந்து உள்ளிரும்பு வெளிப்பட்ட வாளைக் களைப்புற்ற வாள் என்பர். வாளுக்கும் ஆயுள் உண்டு. அதனைச் செலவிடுதற்குத் தகுதியும் காரணமும் வேண்டும்.

முதலில் எழுந்த ஐயத்துக்கு இனி விடை கூறலாம். கமகூராக் காலத்து வாளொன்று இன்றும் மாசின்றி ஒளிர்கின்றதெனின், முப்பது தலைமுறையினர் இடையறாது அதனைத் துடைத்தும், எண்ணெயிட்டும், தீயினின்று காத்தும் வந்தனர் என்பதே பொருள். அவருள் ஒருவர் சோம்பியிருந்தால் அது கறளாய் உதிர்ந்திருக்கும். அதனைக்கொண்டு பொருதவர் சிலர், பேணினோரே பலர். நாம் அவ்வலகிலே கண்டு வியப்பது கொலைத்திறம் அன்று. தீயையும் நீரையும் மண்ணையும் இரும்பையும் அறிந்த கையின் திறமும், அதனை அழியவிடாத நெஞ்சங்களின் பொறுப்புமாம். வாளைச் சேர்ப்போன் விலை கொடுத்துப் பெறுவது அவ்வரிசையில் ஓர் இடத்தையே. வாங்கியபோதிருந்த நிலையிற் குன்றாது அடுத்தவர் கையில் அதனைக் கொடுத்துச் செல்பவனே அவ்விடத்துக்கு உரியவன் ஆவான்.